கூட இருந்தவர்கள்

தென் தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரம் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் நோயாளியுடன் மனைவியும் மகனும் மட்டும் வருவதில்லை. சில சமயம் பால்ய நண்பனும் வருகிறான். படிவத்திலும் சடங்கிலும் அவனுக்கு இடம் குறைவு. ஆனால் இந்த நகரத்தின் மொழி அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது.

நவராத்திரிக்கு முன்னால் ஆண்டுதோறும் குமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. யானையிலும் பல்லக்கிலுமாகக் களியக்காவிளையில் எல்லையைத் தாண்டி, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாகக் கோட்டைக்குள் போய்ச் சேர்கின்றன. மன்னராட்சி முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. தெய்வங்களின் பயணம் மட்டும் நிற்கவில்லை.

அதே திசையில் ஆண்டு முழுவதும் இன்னொரு பயணமும் நடக்கிறது. அதற்கு மேளமும் இல்லை, தாலப்பொலியும் இல்லை. நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பும் ரயில்களில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனித்தால் தெரியும். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மருத்துவமனை ஃபைல், ஸ்கேன் படம், ஒரு ஃபிளாஸ்க், மாற்றுத் துணி. இரணியல், குழித்துறை, பாறசாலை என்று நிலையங்கள் நகர நகர, தமிழ்ப் பலகைகள் போய் மலையாளப் பலகைகள் வருகின்றன. பையை மடியிலிருந்து இறக்காமல் வருகிறவர்கள் தம்பானூரில் இறங்கிப் பாளையம், பட்டம் வழியாக மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸைத் தேடுவார்கள். 'ஆர்.சி.சி.' என்று சொன்னால் போதும், கண்டக்டருக்கு எந்த நிறுத்தம் என்று தெரியும்.

ஆர்.சி.சி. என்பது மண்டலப் புற்றுநோய் மையம். 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகத்தில், 1981-ல் மாநில, மத்திய அரசுகள் சேர்ந்து உருவாக்கிய மையம் இது. இதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். 2021-ல் அவர் காலமானபோது, கேரளத்தின் புற்றுநோய் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர் என்று எல்லோரும் அவரை நினைவுகூர்ந்தார்கள். ஆண்டுக்கு 15,000-க்கும் அதிகமான புதிய நோயாளிகள் இங்கே பதிவு செய்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கன்னியாகுமரி - திருவனந்தபுரம் ரயில் பாதை 1979-ல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஆர்.சி.சி. வந்தது. மாநில எல்லை எங்கே இருந்தாலும், பெரிய வியாதி என்றால் பழைய தலைநகருக்குப் போவது நாஞ்சில் நாட்டின் பழக்கம். ரயில் அந்தப் பழக்கத்தை உறுதியாக்கியது.

ஒரு சொல்லின் கதை

கேரள மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்குபவரைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ஆங்கிலம்: 'பைஸ்டாண்டர்'. விபத்து நடக்கும் இடத்தில் ஒதுங்கி நின்று பார்ப்பவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. கேரளத்துக்கு வந்ததும் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. இங்கே பைஸ்டாண்டர் என்றால் ஒதுங்காதவன். வார்டை விட்டுப் போகாதவன்.

இன்னொன்று மலையாளச் சொல்: 'கூட்டிரிப்புகாரன்'. பெண்ணானால் 'கூட்டிரிப்புகாரி'. தமிழனுக்கு விளக்கம் தேவையில்லை, கூட இருப்பவன். நண்பனுக்கு மலையாளத்தில் 'கூட்டுகாரன்' என்று பெயர். தமிழின் 'கூட்டாளி'க்கும் அதே வேர்தான். கூட்டுகாரன் ஒருநாள் கூட்டிரிப்புகாரன் ஆவது இந்த மொழியில் பெரிய தாவல் அல்ல. இரண்டெழுத்துத் தூரம்தான்.

மனைவி, மகன், மகள் என்றால் கூட இருப்பது கடமை. ஊரும் அப்படித்தான் பார்க்கும். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே குளத்தில் நீச்சல் பழகி, வயது அறுபதைத் தொட்ட பிறகும் 'மக்கா' என்றே அழைத்துக்கொள்ளும் நண்பனுக்கு அப்படிக் கடமை எதுவும் இல்லை. அவன் வந்தால் அது அவனாக எடுத்த முடிவு. மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான், மகள் பெங்களூரில் இருக்கிறாள், மனைவிக்கு மூட்டுவலி என்று ஆகிவிட்ட வீடுகளில் பல சமயம் கீமோவுக்குக் கூட வருபவன் அவன்தான்.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த இடத்தில் அவன் பேனா தயங்கும். சித்தப்பா மகன், மைத்துனன் என்று எதையாவது எழுதிவிடுபவர்களும் உண்டு. திருவனந்தபுரத்தில் அது அத்தனை பெரிய பொய்யும் அல்ல; இந்த ஊர்க்காரர்கள் நண்பனை 'அளியா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அளியன் என்றால் மச்சான்.

மரணத்துக்குப் பிறகும் இதே கதைதான். கொள்ளி வைப்பவன் மகன். மொட்டை அடிப்பது பங்காளிகள். பத்து நாள் தீட்டு உறவுக்கு. நண்பன் மூன்றாம் நாள் ஆபீஸ் போயாக வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழக்கத்துக்கு அவனுக்குக் கிடைக்கும் விடுப்பு ஒரு நாள்.

பகிர்ந்த பீடி

கூட இருப்பவனின் வேலை சாதாரணமாகத்தான் தொடங்குகிறது. காலையில் டோக்கன் வாங்குவது, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது, மருந்துக் கடை வரிசையில் நிற்பது, கஞ்சி வாங்கி ஆறவைத்துக் கொடுப்பது, ரத்தம் தேவையென்றால் ஊருக்கு போன் போட்டு இரண்டு பேரைக் கிளப்புவது. இரவில் வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பது. வராந்தாவில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒரு தற்காலிகக் குடியிருப்பு எப்போதும் இருக்கும். எந்த மருந்துக்கு வாய்ப்புண் வரும், எந்த மருந்துக்கு முடி கொட்டும் என்பதெல்லாம் புதிதாக வருபவருக்கு முதலில் அங்கேதான் தெரியவரும்.

ஆனால் நண்பனுக்கு மட்டும் ஒரு தனிச் சுமை உண்டு. தென் மாவட்டங்களிலும் தென் கேரளத்திலும் வாய்ப்புற்று பரவலான நோய். புகையிலையோடு போடும் வெற்றிலை, பீடி, சாராயம் மூன்றும் அதன் முக்கியக் காரணங்கள். முதல் பீடியை எவரும் அப்பாவோடு சேர்ந்து பிடிப்பதில்லை. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால், ஆற்றங்கரையில், சினிமாக் கொட்டகை வாசலில் பகிர்ந்துகொள்ளும் பீடி அது. அன்று தீக்குச்சி கிழித்தவன் இன்று வார்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். தனக்கு வராதது நண்பனுக்கு வந்துவிட்டதே என்ற எண்ணத்தை அவன் யாரிடமும் சொல்ல முடியாது.

திருவனந்தபுரம் இந்த நோயைப் பற்றி உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 1996-ல் இந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. சில பகுதிகளில் 35 வயது தாண்டியவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை, வெளிச்சமும் கண்ணும்தான். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் தென்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் இந்தப் பரிசோதனையால் 34 சதவீதம் குறைந்திருந்தது.

அதாவது, யாராவது ஒருவர் நேரத்தோடு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தால், மூன்றில் ஒரு மரணம் தள்ளிப் போயிருக்கும். நண்பனுக்கு இதைவிடக் கசப்பான செய்தி கிடையாது. இதைவிட உபயோகமான செய்தியும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை மனைவியிடம் மறைப்பவன் டீக்கடையில் நண்பனிடம் மறைப்பதில்லை. காரமான வடையைப் பாதியில் வைக்கும்போது கவனிப்பவன் அவன்தான்.

சொல்வதா, வேண்டாமா

சிகிச்சையின் ஒரு கட்டத்தில் டாக்டர் தனியாகக் கூப்பிடுவார். 'இனி குணமாக்க வழியில்லை' என்ற செய்தியை இந்தியக் குடும்பங்களில் முதலில் கேட்பது பெரும்பாலும் நோயாளி அல்ல. 'அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்' என்று வீட்டார் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து கட்டிலைச் சுற்றி ஒரு நாடகம் தொடங்கும். அந்த நாடகத்தில் நண்பனின் வேடம்தான் கஷ்டம். நோயாளி வீட்டாரிடம் கேட்காததை அவனிடம் கேட்பார்: 'மக்கா, நீயாவது நெசத்தச் சொல்லு.'

இந்தக் கேள்வியின் கனத்தை இந்த நகரத்தில் நன்றாக அறிந்தவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, பக்கத்து வீட்டில் புற்றுநோயில் துடித்த ஒருவருக்குத் தன்னால் எதுவும் செய்ய முடியாமல் போனதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்துத் துறைப் பேராசிரியராக இருந்தபோது இன்னொரு சம்பவம். வாயில் புற்றுநோயோடு ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார். ஊசி மூலம் நரம்பை மரக்கச் செய்து வலியை அடியோடு நிறுத்தினார் ராஜகோபால். தனக்கு நடந்தது வலிக்கான வைத்தியம் மட்டும், நோய் தீராது என்பது அந்த ஆசிரியருக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போனவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்புக்கு வைத்தியம் பார்த்த தான் மனிதனைப் பார்க்கத் தவறிவிட்டதாக ராஜகோபால் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

1993-ல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி, ஆதரவு சிகிச்சைக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2001-ல் அந்த இயக்கம் ஊர் ஊராகப் பரவத் தொடங்கியது. பஸ் டிரைவர், மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று சாதாரண மக்கள் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்குப் போனார்கள். 2003-ல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' அமைப்பைத் தொடங்கினார். 2008-ல் ஆதரவு சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கை அறிவித்த முதல் இந்திய மாநிலமாயிற்று கேரளம். 2018-ல் ராஜகோபாலுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வலிக்கு மருந்து இல்லாமல் இல்லை. மார்ஃபின் விலை குறைந்த மருந்து. அதற்கு மூலப்பொருளான அபினைச் சட்டபூர்வமாக விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. உரிமத்துக்கு மேல் உரிமம் என்று அலைய யாருக்கும் பொறுமை இல்லை. நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்த 2014 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனை வராந்தாக்களில் எத்தனை கூட்டிரிப்புகாரர்கள் விடிய விடிய முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

ஜன்னலும் புத்தகமும்

போனவரை எப்படி நினைவில் வைப்பது? பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் மருத்துவமனை கட்டியிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோயில் 1931-ல் இறந்த லேடி மெஹர்பாய் டாடாவின் நினைவில் பிறந்தது மும்பையில் 1941-ல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகள் அதை மறக்காமல் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார்.

பணமில்லாத ஒருவரின் நினைவும் பெரிதாக வளர்ந்தது உண்டு. வார்சாவிலிருந்து லண்டனுக்கு வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத அகதி ஹோட்டல் பரிமாறுபவர். 1948-ல் புற்றுநோயில் இறந்தார். அந்த ஊரில் அவருக்கு உறவு என்று யாரும் இல்லை. கடைசி நாட்களில் உட்கார்ந்து பேசியவர் மருத்துவமனையின் சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸ். சாகப்போகிறவர்களுக்கு என்று ஒரு வீடு கட்ட வேண்டும் என இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டில் ஒரு ஜன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லித் தன்னிடமிருந்த 500 பவுண்டை டாஸ்மா விட்டுச் சென்றார். அதன் பிறகு டாக்டருக்குப் படித்த சாண்டர்ஸ், 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவமனையைத் திறந்தார். அவருக்கான ஜன்னல் அங்கே இருக்கிறது. இன்று உலகெங்கும் நடக்கும் ஆதரவு சிகிச்சைக்கு அந்த ஜன்னல்தான் தொடக்கம்.

எழுதத் தெரிந்தவன் எழுதுகிறான். ரயில் வரும் வழியிலேயே அதற்கு உதாரணம் உண்டு. நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமிக்கும் பூதப்பாண்டியில் வாழ்ந்த கிருஷ்ணன் நம்பிக்கும் இளமையில் தொடங்கிய சிநேகம். நம்பி ஒரு வயது இளையவர். 'மருமகள் வாக்கு' என்ற கதையால் இன்றும் வாசிக்கப்படுபவர். குழந்தைகளுக்காகவும் பாடல்கள் எழுதியவர்; 'யானை என்ன யானை' அந்தத் தொகுப்பு. 1976-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அவர் எழுதியது கொஞ்சம்தான். கால் நூற்றாண்டு கழித்து, 'நினைவோடை' வரிசையில் சுந்தர ராமசாமி தன் நண்பனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அது எழுத்தாகித் தனிப் புத்தகமாயிற்று. ஜீவா, க.நா.சு., சி.சு. செல்லப்பா போன்ற பெரிய பெயர்கள் வரும் வரிசையில், ஊருக்கு அப்பால் அதிகம் அறியப்படாத நண்பனுக்கும் சம இடம். 2005-ல் சுந்தர ராமசாமியும் போய்விட்டார். அந்த நட்பு புத்தகத்தில் இருக்கிறது.

கட்டிடம் கட்டவும் புத்தகம் எழுதவும் முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு கடற்கரை உண்டு. கர்க்கடக மாத அமாவாசை அன்று சங்குமுகம் கடற்கரையிலும், திருவல்லம் பரசுராமர் கோயில் ஆற்றங்கரையிலும், வடக்கே வர்க்கலை பாபநாசத்திலும் விடியும் முன்பே கூட்டம் கூடுகிறது. கடலரிப்பு சங்குமுகத்தின் கரையைத் தின்றிருக்கிறது. கானாயி குஞ்ஞிராமன் வடித்த சாகரகன்யகை கரையோரம் சாய்ந்து படுத்திருக்க, ஈர வேட்டியோடு ஆட்கள் எள்ளும் பிண்டமும் கடலில் விடுகிறார்கள். தந்தை, பாட்டன், முப்பாட்டன், தாய் வழி என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். இதில் நண்பன் எங்கே? சாஸ்திரம் அவனை முழுதாக மறக்கவில்லை. மகாளய தர்ப்பணத்தில் பெற்றோர் வரிசை முடிந்த பிறகு, 'காருண்ய பித்ருக்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. பெரியப்பா, அத்தை, மாமா எல்லோரும் முடிந்து, குருவோடு கடைப்பக்கமாக 'சகா' வருகிறான். பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுகிறார்கள்.

அந்த இடமும் போதாது என்று நினைப்பவர்கள் திரும்பவும் வார்டுக்கே வருகிறார்கள். நண்பன் இறந்த சில மாதங்களில் அவர்களுக்கு ஒன்று புரிகிறது. எந்த ஜன்னலில் சீட்டு போட வேண்டும், மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேட்க வேண்டும், படுக்கைப் புண் வராமல் எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், கோபத்தில் தட்டைத் தள்ளிவிடும் நோயாளியிடம் எப்படிப் பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் கற்றாகிவிட்டது. வீட்டில் இந்தப் படிப்புக்கு உபயோகம் இல்லை. மருத்துவமனையில் உண்டு.

ஜனவரி 15 கேரளத்தில் ஆதரவு சிகிச்சை நாள். அன்று ஊர் ஊராகத் தொண்டர்கள் உண்டியல் ஏந்தி நிற்பார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஒரு நாள் வெளியே அழைத்துப் போவார்கள். மற்ற நாட்களில் பஞ்சாயத்து நர்ஸோடு வண்டியில் ஏறி வீடு வீடாகப் போவார்கள். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் இப்படி ஒரு ஏற்பாடு ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வந்தால், அங்கிருந்து வரும் நோயாளி கடைசி நாட்களில் ஊசிக்காக எழுபது கிலோமீட்டர் ரயிலேற வேண்டியதில்லை.

டாக்டரும் அல்லாத, உறவினரும் அல்லாத ஒருவர் அறிமுகமில்லாத வீட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, முகம் துடைத்துவிட்டுக் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்தால் வீட்டாருக்குக் கேட்கத் தோன்றும், உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று. தொண்டர்களில் பலர் நீண்ட விளக்கம் சொல்வதில்லை. ஒரு பெயரைச் சொல்வார்கள். கூடவே, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு என்றும் சொல்வார்கள்.